பத்தனைப் புல்லும் லயத்துப் பசுவும்

மலைநாட்டின் வரலாறு என்றதும் நாம் தேயிலையிலிருந்து தொடங்குவது வழக்கம். சற்றுப் பின்னோக்குவோர் கோப்பியிலிருந்து தொடங்குவர். இன்னும் பின்னோக்குவோர், கோப்பிக்கு முன் இங்கே காடு இருந்தது என்று கூறி முடிப்பர். காடு இருந்தது உண்மையே. ஆனால் அக்காட்டின் நடுநடுவே மரமின்றிப் பரந்து கிடந்த புல்வெளிகளும் இருந்தன. அந்தப் புல்வெளிகளை யார் மேய்த்தனர், எப்படி மேய்த்தனர், பின்னர் அவை யார் கைக்குப் போயின, இன்று தோட்டத் தொழிலாளி ஒருவர் தம் பசுவுக்குப் புல் தேடி ஓடைக் கரைக்கும் வீதியோரத்துக்கும் ஏன் நடக்கவேண்டியிருக்கிறது என்பவற்றை இன்றைய பேச்சில் ஆராய்வோம்.

புல்வெளிகள் இருந்தமைக்கு முதற் சான்று ஊர்ப் பெயர்களே. அட்டன் பக்கத்துப் பத்தனையையும், மேலே உள்ள அக்கரப்பத்தனையையும் நேயர்கள் அறிவீர்கள். ‘பத்தன’ என்பது புல்வெளியைக் குறிக்கும் சிங்களச் சொல். போபத்தலாவ, தியத்தலாவை என்னும் பெயர்களில் வரும் ‘தலாவ’ என்பதும் திறந்த புற்சமவெளியையே சுட்டும். நுவரெலியா என்ற பெயரிலுள்ள ‘எலிய’ என்ற சொல்லுக்கு ஒளி என்று மட்டும் பொருள் கொள்வோர் பலர். காடில்லாத வெட்டவெளி என்ற பொருளும் அதற்கு உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே அங்கு குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியா என்பதை ‘அரச சமவெளி’ என்றே மொழிபெயர்த்தார். ஆங்கிலேயர் ஹோர்ட்டன் சமவெளி என்று பெயரிட்ட இடத்துக்குச் சிங்கள மக்கள் இட்ட பெயர் மகா எலிய என்பது. ஆகவே, தோட்டம் வருவதற்கு முன்பே புல் இம்மலைகளுக்குப் பெயர் கொடுத்திருந்தது.

இந்தப் புல்வெளிகள் எல்லாம் ஒரே தன்மையின அல்ல. புவியியல் நூல்கள் இவற்றை உலர் பத்தனை என்றும் ஈரப் பத்தனை என்றும் இரண்டாகப் பிரிக்கின்றன. பியர்சன் என்ற தாவரவியலாளர் 1899ஆம் ஆண்டில் இலங்கைப் பத்தனைகளின் தாவரங்களைப் பற்றி விரிவானதோர் ஆய்வை வெளியிட்டார். ஏறத்தாழ 4500 அடி உயரத்தை ஒட்டி இவ்விருவகைப் புல்வெளிகளும் பிரிகின்றன என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அந்த எல்லைக்குக் கீழே, பெரும்பாலும் ஊவாப் பக்கத்துச் சரிவுகளில், வெலிமடை, பண்டாரவளை, தியத்தலாவை ஆகிய இடங்களைச் சூழ்ந்து கிடப்பவை உலர் பத்தனைகள். அதற்கு மேலே அம்பேவளை, எல்க் சமவெளி, ஹோர்ட்டன் சமவெளி முதலிய இடங்களில் குளிர்ந்த பனிமூட்டத்திற் கிடப்பவை ஈரப் பத்தனைகள்.

புகையிரதத்திலே நானுஓயாவைக் கடந்து பதுளை நோக்கிச் சென்றவர்கள் இந்த வேறுபாட்டைக் கண்ணாற் கண்டிருப்பர். பட்டிப்பொலை நிலையத்தைத் தாண்டி வண்டி மலைமுகட்டுச் சுரங்கத்துட் புகும்போது இப்பக்கம் மழை தூறிக்கொண்டிருக்கும். சுரங்கத்தின் மறுவாயிலில் வெளிவரும்போது அப்பக்கம் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். தென்மேற்பருவக்காற்று வீசும் மாதங்களில் அட்டன், மஸ்கெலியாப் பக்கம் நனைந்து கிடக்கையில் ஊவாப் பக்கம் வறண்டு புல் பழுப்பேறி நிற்கும். வடகீழ்ப் பருவக்காற்றின்போது நிலைமை மாறும். தை, மாசி மாதங்களில் நுவரெலியாவின் பள்ளத்தாக்குகளிலே உறைபனி விழுந்து, காலை வெயில் பட்டதும் புல் கருகிப் போகும். ஒரு மலையின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கோடை. உயரத்துக்கு ஒரு புல். இதுவே மலைநாட்டு மேய்ச்சலின் அடிப்படை.

இவ்வேறுபாட்டை மாட்டின் பக்கம் நின்று பார்த்தால் அது இன்னும் தெளிவாகும். உலர் பத்தனையில் ஓங்கி நிற்பது மானாப்புல். இது வாசனை எண்ணெய் எடுக்கும் சித்திரனெல்லாப் புல்லுக்கு நெருங்கிய உறவு. குருத்தாக இருக்கும்போது மாடு இதைக் கடிக்கும். முற்றிவிட்டால் அதன் மணமும் முரட்டுத்தன்மையும் மாட்டை விலக்கிவிடும். கூரை வேய்வதற்கு அப்பொழுது அது உதவும். தோட்டங்களின் முதற்கால லயங்கள் மானாப்புற் கூரையின் கீழேயே நின்றன. ஈரப் பத்தனையிலோ, கொத்துக் கொத்தாக முளைக்கும் கரடுமுரடான மலைப்புற்கள் நிறைந்திருக்கும். அங்கு மண் கறுத்திருக்கும். கறுத்த மண் என்றால் வளமான மண் என்று சமவெளி உழவர் எண்ணுவர். ஆனால் அது குளிரினாலும் ஈரத்தினாலும் மக்காமற் படிந்த தாவரப் பொருளின் கறுப்பு. புளிப்பு மிக்க அந்த மண்ணிலே விளையும் புல்லிற் சத்துக் குறைவு. கண்ணுக்குப் பசுமை, வாய்க்குச் சக்கை. புல் இருப்பது வேறு, மேய்ச்சல் இருப்பது வேறு என்பதை மலைநாடு அங்கு வந்த ஒவ்வொருவருக்கும் கற்பித்திருக்கிறது.

அந்தப் பாடத்தை முதலிற் கற்றவர்கள் இம்மலைகளின் பழைய குடிகளே. ஹோர்ட்டன் சமவெளியின் சேற்றுப் படிவுகளில் புதைந்து கிடக்கும் மகரந்தத்தையும் கரித்துகளையும் ஆராய்ந்தவர்கள், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் அங்கு தீயிட்டுப் புல்லைப் பேணியும் விலங்குகளை மேயவிட்டும் இருக்கலாம் எனக் கருதுகின்றனர். கண்டி இராச்சியக் காலத்திலே கிராம வாழ்வு மூன்று நிலங்களிலே தங்கியிருந்தது. பள்ளத்தில் வயல், வீட்டைச் சூழத் தோட்டம், அதற்கு மேலே சேனைக் காடும் பத்தனையும். உழுவதற்கும் சூடு மிதிப்பதற்கும் எருமையும் மாடும் வேண்டும். வயலில் நெல் நிற்கும் காலத்தில் அவை மேலே பத்தனைக்கு ஏறின. அறுவடை முடிந்ததும் தாளடியில் மேய இறங்கின. பத்தனைக்குத் தனி உடைமைக்காரர் இல்லை. அது ஊராரின் பொது.

அவர்கள் கையாண்ட முக்கியமான கருவி தீ. கோடையில் முற்றிய புல்லைக் கொளுத்திவிட்டால், முதல் மழைக்குச் சாம்பலினூடே இளங்குருத்து வெளிவரும். அதிலே மந்தையை விடுவர். அளவோடு, இடம் மாற்றி, இடைவெளி விட்டுச் செய்தால் இஃது ஒரு முறை. ஒரே சரிவை ஆண்டுதோறும் எரித்தால் வந்து சேர்வது வேறு. மென்மையான புற்களும் செடிகளும் அழிந்துபோகும். தீயைத் தாங்கும் முரட்டு வேருடைய புற்களே எஞ்சும். திறந்து கிடக்கும் மண்ணை அடுத்த மழை வாரிச் செல்லும். தீ எந்தப் புல்லை ஒடுக்குவதற்காக இடப்பட்டதோ, அந்தப் புல்லுக்கே இறுதியில் நிலத்தை எழுதிக் கொடுத்துவிடும். பத்தனைகள் இயற்கையாக உண்டானவையா, தீயினால் உண்டாக்கப்பட்டவையா என்று அறிஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாதித்திருக்கிறார்கள். எப்படியாயினும், தீயும் மேய்ச்சலும் இல்லாதிருந்தால் அவை இன்றுள்ள வடிவில் இருந்திருக்கமாட்டா என்பதில் ஐயமில்லை.

இனி ஆங்கிலேயர் வருகையைப் பார்ப்போம். 1819ஆம் ஆண்டளவில் யோன் டேவி என்ற வைத்தியர் நுவரெலியாச் சமவெளியைப் பற்றி எழுதினார். பின்னர் தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் அங்கு ஒரு மாளிகை கட்டி, அவ்விடத்தை நோயுற்ற படைவீரரும் உத்தியோகத்தரும் உடல் தேறும் இடமாக்கினார். 1847இல் காய்ச்சலுக்குப் பின் உடல் தேற அங்கு வந்தவரே மேலே நாம் கூறிய பேக்கர். குளிர்ந்த காற்று, ஓடும் நீர், கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் புல் ஆகியவற்றைக் கண்டதும், இங்கிலாந்துக் கிராமம் ஒன்றை அப்படியே இங்கு அமைத்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றிற்று.

அவர் இங்கிலாந்து திரும்பி, 1848இல் கப்பலொன்றில் ஆட்களையும் பண்ணைக் கருவிகளையும் விலங்குகளையும் அனுப்பினார். டேராம் இனப் பசு ஒன்று, கலப்பினக் காளை ஒன்று, மூவகைச் செம்மறிக் கடாக்கள் ஆகியன அவற்றுள் அடங்கும். கடலைத் தாங்கி வந்த அப்பசு, மலையேறும் வழியிலேயே மாண்டது. மேலே சேர்ந்த மந்தைக்கும் நற்காலம் இருக்கவில்லை. கொள்ளைநோய் ஒன்று பரவி, சில நாட்களுக்குள் 26 எருதுகள் மடிந்தன என்று அவரே எழுதுகிறார். முதலாண்டுக்குள் அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த ஐந்து குதிரைகளும் இறந்தன. விதைத்த ஓட்ஸ் பயிரை மரைகளும் காட்டுப் பன்றிகளும் தின்றன. உருளைக்கிழங்கைப் புழு தின்றது.

பேக்கர் பிடிவாதக்காரர், தோல்வியிலிருந்து கற்றும்கொண்டார். இம்மண் தோற்றத்துக்கு வளமானது, உண்மையில் வறியது. எருவிட்டால் மட்டுமே அது பயன்தரும் என்பதே அவர் கண்ட முடிவு. எருவுக்கு மாடு வேண்டும். மாட்டுக்குப் புல் வேண்டும். நல்ல புல்லுக்கு மீண்டும் எரு வேண்டும். இந்தச் சக்கரத்தை முதல் முறை சுழற்றிவிடுவதற்கே வெளியிலிருந்து பெரும் முதல் தேவைப்பட்டது. 1855இல் அவர் இலங்கையை விட்டுச் சென்றார். அவர் தொடக்கிய பண்ணை பிற்காலத்தில் மாகஸ்தோட்டை என்னும் பெயரில் தோட்டமாக நிலைத்தது.

பேக்கர் புல்லை மேய்ச்சல் என்று எண்ணினார். அதே காலத்தில் அரசாங்கம் மேய்ச்சல் நிலத்தைத் தரிசு என்று எண்ணிற்று. முன்னதன் விளைவு ஒரு மனிதரின் நட்டம். பின்னதன் விளைவு ஒரு நாட்டின் நிலவுரிமை மாற்றம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவோ தரிசாகவோ பயிரிடப்படாமலோ கிடக்கும் நிலம் அனைத்தும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியது என்று விதித்தது. வயலுக்கு உறுதி காட்டலாம். ஆண்டில் சில மாதம் மட்டும் ஊர் மந்தை ஏறி இறங்கும் பத்தனைக்கு எந்த உறுதியைக் காட்டுவது? மேய்ச்சல் நிலத்தில் உழுத சுவடு இருக்காது, வேலி இருக்காது, சில மாதம் ஆளும் இருக்காது. அந்த வெறுமையே அதன் பயன்பாட்டு முறை. புல் தேறுவதற்காக விடப்பட்ட ஓய்வை, உரிமையாளர் இல்லாமைக்கு அடையாளமாகச் சட்டம் வாசித்துக்கொண்டது.

முடிக்குரிய காணிகள் தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங் வீதமும், 1844க்குப் பின் ஒரு பவுண் வீதமும் விலைபோயின. கோப்பித் துரைமார் தேடியது காட்டு நிலத்தை. பத்தனை மண்ணை அவர்கள் விரும்பவில்லை. என்றாலும், காடு தோட்டமாக மாறியபோது பத்தனைக்கு ஏறும் வழிகள் அடைபட்டன. கிராமத்து மாடு தோட்ட எல்லைக்குட் புகுந்தால் வழக்கு, கட்டிவைத்தல், நட்டஈடு என்று பிணக்குகள் எழுந்தன. 1876ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மாடுகளின் அத்துமீறலுக்கென்றே இயற்றப்பட்டது. 1897இல் தரிசு நிலக் கட்டளைச் சட்டமும் வந்தது. கண்டிய விவசாயிகளின் நிலைமையை ஆராய்ந்த ஆணைக்குழு 1951இல் அளித்த அறிக்கை, தோட்டங்களால் நெருக்குண்ட கிராமங்களின் நிலப்பசியை விரிவாகப் பதிந்திருக்கிறது.

இவ்வரலாற்றில் விதிவிலக்கான ஆண்டு 1873. கியூ தாவரத் தோட்டத்தின் தலைவர் யோசப் ஹூக்கரின் ஆலோசனையை ஏற்று, 5000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காட்டு நிலங்களை விற்பது நிறுத்தப்பட்டது. ஆறுகளின் ஊற்றைக் காக்கவே இந்த ஏற்பாடு செய்யப்பட்டது. ஆயினும் உயர் மலையின் ஈரப் பத்தனைகள் பல இதனாலேயே பின்னாளில் அரசாங்கத்தின் கையில் எஞ்சின. ஒன்றன்மேல் ஒன்றாக வந்த இம்முடிவுகளின் பயனாக, தாழ்ந்த புல்வெளிகள் தோட்டத்தோடு சேர்ந்தன. உயர்ந்த புல்வெளிகள் அரசோடு சேர்ந்தன. கிராமத்துக்கும், பின்னர் வந்த தொழிலாளிக்கும் இடையிலே ஒன்றும் எஞ்சவில்லை.

அந்தத் தொழிலாளர், நேயர்களே, திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். மாட்டை அறிந்த மக்கள். அவர்கள் விட்டுவந்த ஊர்களிலே மந்தைவெளி உண்டு, மேய்ச்சற் புறம்போக்கு உண்டு. அறுவடை முடிந்த நிலத்தில் இரவிலே ஆட்டையும் மாட்டையும் கிடைபோட்டு, நிலத்துக்கு எருவும் கிடைக்காரருக்குக் கூலியும் கிடைக்கச் செய்யும் வழக்கம் உண்டு. நிலமில்லாதவரும் நாலு ஆடு வைத்திருக்க வழிசெய்தவை இந்தப் பொது ஏற்பாடுகளே. மலையேறியபோது அவர்கள் அறிவு அவர்களோடு வந்தது, மந்தைவெளி வரவில்லை.

கோப்பிக் காலத்துத் தோட்டத்துக்கு மாடு தேவைப்பட்டது. பெரிய தோட்டங்கள் எருவுக்காகவே மாட்டுப்பட்டிகளை வைத்திருந்தன. பட்டியிலே மானாப்புல்லைப் படுக்கையாகப் பரப்பி, சாணமும் சிறுநீரும் ஊறியபின் அதனை அள்ளிக் கோப்பிக்கு இட்டனர். தீனிக்காகக் கினிப்புல்லை நட்டனர். கீழே கண்டிக்கும் கொழும்புக்கும் கோப்பி இறங்கியதும், மேலே அரிசி ஏறியதும் மாட்டு வண்டியிலேயே. வண்டி எருதுகள் வழியோரப் புல்லை நம்பி நடந்தன; மாட்டுக் கொள்ளைநோய் வந்தபோது வழியிலேயே விழுந்தன. 1867இல் புகையிரதம் கண்டியை எட்டிற்று. 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டிற்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்த, 1867இல் லூல்கந்துரையில் யேம்ஸ் டெயிலர் பயிரிடத் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. காலப்போக்கிலே செயற்கை உரமும் வந்தது. வண்டிக்கும் மாடு வேண்டாம், எருவுக்கும் மாடு வேண்டாம் என்றாயிற்று. தோட்டத்தின் கணக்கேட்டிலிருந்து மாடு நீங்கியது. லயத்தின் கொல்லையிலே அது நிலைத்தது.

லயத்துப் பசு துரையின் அனுமதியால் வாழும் பசு. அதற்கு மேய்ச்சல் நிலம் கிடையாது. தேயிலைக்குள் மாட்டை விட்டால் இளஞ்செடி மிதிபடும், சரிவின் வடிகான் இடியும். ஆகவே பசு பட்டியில் நிற்கிறது. புல் அதனிடம் வருகிறது. வளர்ந்த பசுவொன்றுக்கு அதன் உடல் நிறையிற் பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் நாள்தோறும் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 350 கிலோ எடையுள்ள பசுவுக்கு 35 கிலோ புல். கொழுந்து நிறுத்து முடிந்தபின்னர், ஓடைக் கரையிலும் பாதையோரத்திலும் சவுக்குத் தோப்பின் அடியிலும் அந்த 35 கிலோவை அறுத்துத் தலையிற் சுமந்து வரவேண்டும். இதனைச் சுமப்பவர் பெரும்பாலும் பெண்களும் முதியோரும்.

இதை வெறும் புல்லறுப்பு என்று எண்ணுவது தவறு. எந்த ஓடைக்கரையை எப்போது அறுத்தால் எத்தனை வாரத்தில் மீண்டும் தளிர்க்கும், மழைக்காலத்து இளம்புல்லை எவ்வளவு வாடவிட்டுப் போடவேண்டும், பனி விழும் மாதங்களில் எந்தப் பள்ளத்துப் புல் கருகாமல் நிற்கும், எந்த மலையில் அண்மையிற் களைநாசினி அடித்தார்கள் என்பன எல்லாம் அறிந்திருந்தாலன்றிப் பசு பிழைக்காது. மந்தையை இடம் மாற்றி மேய்ப்பவர் கைக்கொள்ளும் கணக்கும் இதுவே: ஓரிடத்தைப் பயன்படுத்து, விட்டுவிடு, அது தேறியபின் திரும்பி வா. மந்தை நடக்கவேண்டிய தூரத்தை இங்கே மனிதர் நடக்கிறார். வேறுபாடு அவ்வளவே.

இதே காலத்தில் தமிழகத்து நீலகிரியில் நிகழ்ந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. அங்கும் 6000 அடிக்கு மேலே சோலைக் காடும் புல்வெளியும் மாறிமாறிக் கிடந்தன. தோடர் என்ற மக்கள் அப்புல்வெளிகளிலே எருமை மேய்த்தனர். உதகைப் பக்கத்து மந்துகளைச் சூழ்ந்த புல் வறளும் மாதங்களில், மந்தையோடு ஈரம் மிகுந்த குந்தா மலைப் புல்வெளிகளுக்கு நகர்ந்தனர். மழை வந்ததும் மீண்டனர். பழைய புல்லைப் பருவமறிந்து எரித்தனர். வேறுவேறு புல்வெளிகளின் வேறுவேறு காலங்களை ஒரே ஆண்டுச் சுற்றில் இணைத்த ஏற்பாடு அது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அப்புல்வெளிகளிலே அவுஸ்திரேலிய வாட்டில் மரமும் யூகலிப்டசும் நடப்பட்டன. புல்வெளி சுருங்கிற்று, நகர்ச்சியும் சுருங்கிற்று. மரமில்லாத இடம் பயனற்ற இடம் என்ற எண்ணம் நீலகிரியிலும் நுவரெலியாவிலும் ஒன்றாகவே வேலைசெய்தது. நமது மலைநாட்டிலும் பத்தனைகள் பலவற்றில் யூகலிப்டசும் பைன் மரமும் இன்று நிற்கின்றன.

அரசின் கையில் எஞ்சிய உயர்ந்த புல்வெளிகள் இருவழியாகப் பிரிந்தன. ஒன்று பண்ணை வழி. அம்பேவளையிலும் போபத்தலாவையிலும் பெரும் பாற்பண்ணைகள் எழுந்தன. அங்கு பத்தனையின் இயற்கைப் புல்லை நம்பவில்லை. நிலத்தின் புளிப்பைச் சுண்ணாம்பிட்டுத் தணித்து, உரமிட்டு, கிழக்காபிரிக்க மலைகளிலிருந்து வந்த கிக்கியுப் புல்லும் ஐரோப்பிய ரைப்புல்லும் வளர்த்து, வேலியாற் பகுத்து, பிரீசியன் முதலிய இனங்களை மேய்த்தனர். பேக்கர் தனியாளாகச் சுழற்ற முயன்ற சக்கரத்தை அரசாங்கம் தன் முதலைக்கொண்டு சுழற்றிற்று. 1973இல் தேசிய கால்நடை அபிவிருத்திச் சபை அமைந்தது. 2001இல் அம்பேவளைப் பண்ணை தனியார் முகாமைக்குச் சென்றது.

மற்றது காப்பு வழி. ஹோர்ட்டன் சமவெளியிலே ஒரு காலத்தில் விதை உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. 1969இல் அது வனவிலங்குச் சரணாலயமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாடு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றபோது அதுவும் அதனுள் அடங்கிற்று. யானைகள் வேட்டையாலும் காடழிப்பாலும் என்றோ மறைந்துவிட்டன. இன்று அங்கு மேய்பவை மரைக்கூட்டங்கள். வெளியிலிருந்து வந்த முட்செடிகளும் புற்களும் அங்கே பரவுவதைக் கட்டுப்படுத்துவதே காவலர்க்கு இப்போதுள்ள கவலை. புல்வெளியைப் பூட்டிவைத்தாற் போதாது. அதை யார் மேய்கின்றனர், எவ்வளவு மேய்கின்றனர் என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பதை அவ்விடமும் கற்பிக்கிறது.

இவ்விரண்டு வழியிலும் லயத்துப் பசுவுக்கு இடமில்லை. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. உடைமை இருமுறை கைமாறியபோதும், மாட்டுக்குப் புல் வெட்டும் இடம் யாருடைய உரிமை என்ற கேள்வி எழுப்பப்படாமலே இருந்தது. அண்மைக் காலத்தில் தோட்ட வீடமைப்புக்கென ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி வழங்கும் ஏற்பாடு வந்துள்ளது. லயத்திலே தலைமுறைகள் கழித்தவர்களுக்கு அது பெரிது. ஆனால் ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடும் முற்றமும் போக, பட்டி கட்ட இடமிருக்கலாம். பசுவுக்குப் புல் வளர்க்க இடமிராது. பாற் பணத்தாற் பிள்ளையைப் படிக்கவைக்கும் குடும்பம் இன்றும் பிறருடைய ஓடைக்கரையையே நம்பியிருக்கிறது. தோட்டத்தில் புதிதாக ஒரு முகாமையாளர் வந்து கரைகளிற் புல் அறுக்கக்கூடாது என்றாலோ, களைநாசினி தெளித்தாலோ, அந்தப் பசு விற்பனைக்குப் போகும்.

இதற்கு வழியில்லையா? தோட்டத்தின் வழக்கத்துக்குள்ளேயே ஒரு தொடக்கம் இருக்கிறது. முதிர்ந்த தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யுமுன், களைத்த மண் தேறுவதற்காக மானாப்புல்லையோ குவாட்டமாலாப் புல்லையோ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுவரை வளர்ப்பது தேயிலை ஆராய்ச்சி நிலையம் வகுத்த முறை. அப்புல் வெட்டப்பட்டு அந்த மண்ணின்மீதே பரப்பப்படவேண்டும்; முழுவதையும் மாட்டுக்கு அள்ளிச் சென்றால் மண்ணை ஏமாற்றியதாகும். ஆனால் ஒரு பங்கு புல் பட்டிக்குப் போய், அந்தப் பட்டியின் எரு அதே மலைக்குத் திரும்பினால், மண்ணுக்கும் நட்டமில்லை, மாட்டுக்கும் பட்டினியில்லை. தேயிலை நட உதவாத செங்குத்துச் சரிவுகளையும் ஈரப் பள்ளங்களையும், எழுத்திலே ஒப்புக்கொண்ட உரிமையோடு, முறைவைத்து அறுக்கும் புல்நிலமாகத் தொழிலாளர்க்கு ஒதுக்கினால், கரையின் மண்ணும் வேரினாற் காக்கப்படும்.

எருவின் அருமையை நாடு அண்மையில் உணர்ந்தது. 2021இல் செயற்கை உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டின் இறுதியில் அத்தடை தளர்த்தப்பட்டதற்கு இடைப்பட்ட மாதங்களில், தோட்டங்கள் மாட்டெருவைத் தேடின. கோப்பிக் காலத்துப் பட்டிகளை எல்லாரும் மறந்துவிட்டிருந்தனர். லயத்துப் பட்டிகள் மட்டும் எஞ்சியிருந்தன. அந்தத் தடையின் தவறு வேறு. அதன் நடுவே வெளிப்பட்ட உண்மை வேறு. மாட்டை நிலத்திலிருந்து பிரித்த ஒரு பொருளாதாரம், நெருக்கடி வேளையில் அந்த மாட்டிடமே திரும்பவேண்டியிருந்தது.

தைப்பொங்கலுக்கு மறுநாள் மலைநாட்டுத் தோட்டங்களில் பட்டியைக் கழுவி, பசுவைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணமிட்டு, மாலை சூட்டி மாட்டுப் பொங்கல் பொங்குகிறார்கள். பட்டி பெருகவேண்டும் என்று வாழ்த்துகிறார்கள். பட்டி பெருகுவது வாழ்த்தினால் மட்டும் ஆவதன்று. எந்தப் புல், எந்தக் காலம், யாருடைய உரிமை என்ற மூன்று கணக்கும் ஒன்றுகூடினால்தான் மேய்ச்சல் உண்டு. பேக்கர் முதற் கணக்கிலே பிழைத்தார்; 1840ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாவதையும் மூன்றாவதையும் பிழையாக வாசித்தது. முதல் இரண்டு கணக்கையும் புல்லுக்கட்டுச் சுமக்கும் தொழிலாளர் நன்கு கற்றுவைத்திருக்கிறார்கள். மூன்றாவது கணக்கைச் சரிசெய்வது அவர்கள் கையில் இல்லை. நாட்டின் கையில் இருக்கிறது.